வாட்டில் பூ வைத்த பொங்கல்

கொழிஞ்சாம்பாறை,
25-1-1973

அன்புத் தம்பி காளிச்சாமிக்கு,

அக்காள் கமலாத்தாள் சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் துளசிமணியும் மாடுகன்றுகளும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா, உன் வீட்டுக்காரி கருப்பாத்தாளின் முழங்கால் வலி பஸ்ஸில் உட்கார்ந்து போனதில் கூடிவிட்டதா என்று உடனே எழுது.

சொல்கிறவள் நான், எழுதுகிறவள் துளசி. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பது உனக்குத் தெரிந்ததே. உன் கடிதம் வந்தாலும் அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இந்த வருஷம் மழை பொய்த்துப்போய்க் கரட்டு மேட்டில் ஆவாரஞ்செடி எல்லாம் கருகிக் கிடந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒரு கொத்து ஆவாரம்பூவுக்கு எங்கே போவேன் என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, நீ அந்த மஞ்சள் பூக்கிளையை ஈரச்சாக்கில் சுற்றிப் பீர்மேட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கினாய். வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் அதைச் சேர்த்து வாசலிலும் தொழுவத்திலும் கட்டினோம். ஊரே வந்து, "இதென்னுங்க பூவு, கண்ணப் பறிக்குது" என்று கேட்டுவிட்டுப் போனது.

அது இருக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் வாசல் நிறைய ஒரம்பரைச் சொந்தபந்தம் நிற்கும்போது, கருப்பாத்தாள் அதில் ஒரு கொத்தை ஒடித்துத் துளசியின் தலையில் செருகி, "எங்கூட்டுக்கு வாற புள்ளைக்கு எங்க மலப்பூவு" என்றாள். நீ பக்கத்தில்தான் நின்றாய். முறைமாமன் வீட்டார் நாலு பேர் பார்க்கப் பூ வைத்தால் பெண் பேசி முடிந்தது என்றுதான் நம்மில் அர்த்தம். எனக்கும் உன் மச்சானுக்கும் அதில் ரொம்பச் சந்தோஷம். உன் மகன் நாச்சிமுத்துவுக்குத்தான் துளசி என்று அவள் காதுகுத்தின் போதிலிருந்தே நாம் பேசிக்கொண்டிருப்பதுதானே.

இந்த இடம் வந்ததும், "நான் எழுத மாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதடி என்று அதட்டி எழுத வைக்கிறேன். வைகாசியில் நாள் பார்க்கலாமா? நாச்சிமுத்துவைக் கேட்டு எழுது. லாரி ஓட்டுகிறவனுக்குப் பொங்கலுக்குக்கூடவா ஊருக்கு வர முடியாது? அவன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

அது என்ன மரம், எந்த ஊர் மரம் என்று துளசி கேட்கச் சொல்கிறாள். சாவகாசமாக எழுது.

உன் க்ஷேமத்தையே நினைத்திருக்கும் அக்காள்,
கமலாத்தாள்

*

பீர்மேடு,
20-2-1973

அக்காவுக்கும் மச்சானுக்கும் காளிச்சாமி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். முருகன் தயவில் இங்கே யாருக்கும் குறைவில்லை. இருமல் நின்றுவிட்டது. கருப்பாத்தாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நடமாடுகிறாள். அங்கே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எழுதுங்கள்.

துளசி கேட்ட மரத்துக்குப் பெயர் வாட்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு வேண்டுமே, அதற்காக எஸ்டேட்டுக்காரர்கள் புல்மேட்டில் வளர்க்கிறார்கள். அந்த விறகுக்காட்டுக்குத்தான் நான் மேஸ்திரி. இதில் கறுப்பு வாட்டில், வெள்ளி வாட்டில் என்று இரண்டு ஜாதி. கறுப்பில் பட்டை கனம். வெள்ளியில் இலை சாம்பல் பூத்தாற்போல இருக்கும், பூவும் நல்ல மஞ்சள். நான் கொண்டுவந்தது வெள்ளி.

இலை புளியிலையைவிடப் பொடிசு. பூ என்று நாம் பார்ப்பது ஒரு பூ அல்ல என்று துளசியிடம் சொல்லுங்கள். மிளகளவு ஒரு உருண்டை, அதற்குள் ஒரு கூட்டமே பூ இருக்கிறது. இதழ் கண்ணுக்குத் தெரியாது, மகரந்தத் தாள்தான் மஞ்சளாகத் தெரிவது. ஒடித்தபின் ஈரம் காய்ந்துவிட்டால் தாங்காது, பொழுது சாய்வதற்குள் பொடியாக உதிரும். வேரைத் தோண்டிப் பார்த்தால் நிலக்கடலை வேரில் இருக்கிற மாதிரியே மணி மணியாக முடிச்சு. மண்ணுக்குச் சத்து. விதையை அப்படியே ஊன்றினால் முளைக்காது, தோல் அவ்வளவு கெட்டி. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால்தான் வாய் திறக்கும்.

நாள் விஷயமாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். நாச்சிமுத்துவுக்கு இப்போது லோடு அதிகம். மழைக்காலம் கழியட்டும், பேசிக்கொள்ளலாம்.

துளசிக்கு மாமனின் ஆசி.

அன்புத் தம்பி,
காளிச்சாமி

*

கொழிஞ்சாம்பாறை,
2-5-1973

தம்பி காளிச்சாமிக்கு அக்காளின் ஆசீர்வாதம். வெயிலைத் தவிர இங்கே எங்களுக்கு வேறு நோய் இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாயே, கல்லை விட்டெறிந்தால் சத்தம் வருகிற அளவுக்கு இருக்கிறது.

உன் கடிதத்தைத் துளசி இரண்டு தடவை வாசித்தாள். மரத்தின் பேர், ஊர், ஜாதி, இலை, வேர் எல்லாம் தெரிந்துகொண்டோம். அதற்கு ஜாதகம் ஒன்றுதான் நீ எழுதவில்லை. நான் நாள் கேட்டது மரத்துக்கா, மகனுக்கா? "உந்தம்பிகிட்ட மரத்தப் பத்திக் கேட்டா வாய் மூடாது, மகனப் பத்திக் கேட்டா வாய் தொறக்காது" என்கிறார் உன் மச்சான்.

போன வாரம் வண்ணாமடையிலிருந்து நல்ல குடும்பமாக ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பஸ் விட்டு இறங்கிய இடத்திலேயே யாரோ, "அது பூ வெச்ச புள்ளைங்களே" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மோரை மட்டும் குடித்துவிட்டு, வந்த காரியத்தைப் பேசாமலே எழுந்து போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நமக்குள் ஆனது ஆனதுதான். ஆனால் வைகாசி பிறக்கப் போகிறது, நீ இன்னும் வாய் திறக்கவில்லை.

நாச்சிமுத்துவை அவன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். அத்தைக்கு எழுதக் கூச்சமாக இருந்தால் மாமனுக்கு எழுதட்டும். கருப்பாத்தாளை நான் கேட்டதாகச் சொல்.

இப்படி உன்னைத் தொந்தரவு செய்யும் அக்காள்,
கமலாத்தாள்

*

பீர்மேடு,
12-8-1973

என் அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பியின் நமஸ்காரம். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வைகாசிக் கடைசியில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது தேவலை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஞானஜோதி என்று ஒரு நர்ஸ், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண், சொந்த மகள் மாதிரிக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். நல்ல குணம்.

மழை விடாமல் அடிக்கிறது. இதுதான் வாட்டில் பட்டை உரிக்கும் காலம். மரத்தில் நீரோட்டம் இருக்கும்போது அடியில் கத்தியை வைத்து நெம்பி இழுத்தால், பழைய வேட்டி கிழிகிற மாதிரி உச்சி வரைக்கும் ஒரே வாராக வந்துவிடும். வெயில் காலத்தில் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், என்ன இழுத்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும். உரித்த பட்டையைக் காயவைத்துக் கட்டுக்கட்டித் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லாரியில் ஏற்றுகிறோம். நாச்சிமுத்து அந்த லாரியில்தான் போய்வருகிறான். அதனால்தான் எழுத நேரமில்லை.

ஆடி பிறந்ததிலிருந்து கருப்பாத்தாளுக்கு மனசு சரியில்லை. சாப்பாடும் பேச்சும் குறைந்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேறு விசேஷமில்லை. கல்யாண நாள் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் பிரியமுள்ள,
காளிச்சாமி

*

கொழிஞ்சாம்பாறை,
4-11-1973

தம்பிக்கு. அனைவரும் சுகம்.

இது துளசி எழுதவில்லை. நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

கொல்லங்கோட்டில் ஒரு வாத்தியார். நம்ம ஜாதி, துளசிக்கு ஏற்ற வயசு, தங்கமான பையன். ராக்கப்பன் மூலமாகக் கேட்டு விட்டிருக்கிறார்கள். உனக்கு ராக்கப்பனைத் தெரியும், நம் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பூ வெச்ச புள்ளைங்களாமே, அது என்னாச்சுங்க?"

ஏலக்காய் வாங்க உங்கள் பக்கம் போய்வந்த ஒருவர், "உங்க தம்பி மவன் ஆசுபத்திரிக்காரப் புள்ளையோட" என்று ஏதோ ஆரம்பித்தார். உன் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. அதை நீ சொல்ல வேண்டும், ஊரான் சொல்லக் கூடாது.

நாச்சிமுத்துவுக்குத் துளசி வேண்டாம் என்றால் போகட்டும். அதற்காக நான் உன்னோடு சண்டைக்கு வர மாட்டேன். பெற்ற பிள்ளையைக் கட்டியா போட முடியும்? ஆனால் பூ வைத்தவர்கள்தான் வந்து, நாலு பேர் முன்னால், "அது வெளையாட்டுக்கு வெச்சதுங்க, நீங்க வேற எடம் பாத்துக்கலாமுங்க" என்று சொல்ல வேண்டும். நாங்களே சொன்னால் பேச்சு மாறிய குடும்பம் என்று ஆகிவிடும். அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஒன்று நாளோடு வா. இல்லையென்றால் அந்த ஒரு சொல்லோடு வா.

துளசி வாசிப்பாளே என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம். பதிலை மச்சான் பேருக்கு, அவர் போய்வரும் கடலை மண்டி விலாசத்தில் போடு. அவர் எனக்கு மட்டும் படித்துச் சொல்வார்.

அக்காள்

*

பீர்மேடு,
15-12-1973

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும் வணக்கம். தங்கள் எல்லாருடைய நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அக்காவின் கையெழுத்தை இரண்டு தடவை படித்தேன்.

இதைப் பல நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். கருப்பாத்தாள் வைத்தது நியாயப்படி பூவே அல்ல. பூ வைப்பதென்றால் மல்லிகையோ முல்லையோ, கோயிலில் ஏறுகிற பூவாக இருக்க வேண்டும். வாட்டில் சீமைமரம். நம் தெய்வம் எதற்கும் இதைச் சாத்துவதில்லை. நம் பெரியவர்கள் யாரும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதன் பட்டை செத்த மாட்டுத்தோலைப் பதனிடுவதற்குப் போகிறது. அப்படிப்பட்ட மரத்தின் பூவைத் தலையில் வைத்தால் அது மங்கலக் காரியத்தில் சேராது. போதாததற்கு அன்று மார்கழிக் கடைசி, தைகூடப் பிறக்கவில்லை. மார்கழியில் யார் பூ வைப்பார்கள்?

ஆகையால் வாத்தியார் வீட்டாரிடம் இதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கே விளங்கும். ராக்கப்பன் விவரமானவர், அவரே சொல்லட்டும். இதற்காக நான் வர வேண்டும் என்று இல்லை. இப்போது லீவும் கிடைக்காது, கருப்பாத்தாளையும் தனியே விட முடியாது.

மலையில் பனி கொட்டுகிறது. வெள்ளி வாட்டில் மொட்டு விட்டிருக்கிறது.

தங்கள்,
காளிச்சாமி

*

கொழிஞ்சாம்பாறை,
20-1-1974

தம்பி காளிச்சாமிக்கு அக்காள் எழுதுவது. பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. நீங்கள் பால் பொங்க வைத்தீர்களா?

மறுபடியும் துளசிதான் எழுதுகிறாள். "என்னோட காரியத்த எங்கிட்டயே எதுக்கம்மா மறைக்கறீங்க" என்று கேட்டுவிட்டாள். மண்டியிலிருந்து உன் கடிதத்தை வாங்கி அவளிடமே கொடுத்தேன். வாசித்தாள்.

தோலுக்குப் போகிற மரத்தின் பூ ஆகாது என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் நீயும் நானும் நம் கரட்டில் ஆவாரம்பட்டை உரித்துக் கட்டுகிறவர்களைப் பார்த்ததில்லையா? அந்தப் பட்டை எங்கே போனது? அதே தோல் ஷாப்புக்குத்தான் போனது. அந்த ஆவாரம்பூவைத்தான் இந்த வருஷமும் வாசலில் கட்டிப் பொங்கல் வைத்தேன். ஐப்பசி மழையில் இந்தத் தடவை நன்றாகப் பூத்திருந்தது. சீமைமரம் என்கிறாய். அதைச் சாக்கில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் யார்? மார்கழி என்கிறாய். அன்றைக்கு அது உனக்குத் தெரியாதா? பூவின் மேல் குறை சொல்லாதே காளி. அது என்ன பாவம் செய்தது?

வாத்தியாரின் அப்பா நேரிலேயே வந்தார். நல்ல மனுஷர். "மாமங்காரரு வந்து ஒரு வார்த்த சொல்லட்டுமுங்க. சொன்னாப் போதும், நாளைக்கே வெத்தலபாக்கு மாத்திக்கலாம். மாசி முடியற வரைக்கும் காத்திருக்கறோம்" என்று சொல்லிப் போயிருக்கிறார். துளசிக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. வாயால் சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். இதை எழுதுகிறபோதும் தலை நிமிரவில்லை.

நாச்சிமுத்து யாரோடு இருக்கிறான் என்று நான் கேட்கவே இல்லை. நீ அதைச் சொல்லவும் வேண்டாம். ஒரு நாள் வந்து, ஒரு சொல் சொல்லிவிட்டு, ஒரு வாய் சோறு உண்டுவிட்டுப் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கூடப்பிறந்தவள்,
கமலாத்தாள்

*

பீர்மேடு,
16-3-1974

அக்காவுக்குத் தம்பி காளிச்சாமி பணிந்து எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாசி கடைசியில் புறப்படுவதற்குத் துணிமணி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து விறகுக்காட்டில் தீப்பிடித்துவிட்டது. புல்மேட்டிலிருந்து ஏறிய தீ. ஆட்களைக் கூட்டிக்கொண்டு பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்தோம். மேஸ்திரி இல்லாமல் முடியாது என்று துரை சொல்லிவிட்டார். பங்குனி உத்திரத்துக்குள் கட்டாயம் வருகிறேன். வாத்தியார் வீட்டாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இத்தனை நாள் பொறுத்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பார்கள்.

தீயில் ஒரு நன்மை. வாட்டில் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சும்மாவே கிடக்கும். தீ பட்டால்தான் தோல் வெடிக்கும். முதல் மழைக்குப் பாருங்கள், கருகிய இடம் முழுக்க நாற்றங்கால் மாதிரி முளைத்து நிற்கும். துளசிக்கு இது தெரிந்தால் பிடிக்கும்.

காளிச்சாமி

*

கொழிஞ்சாம்பாறை,
5-5-1974

மாப்பிள்ளை காளிச்சாமிக்கு உன் மச்சான் குப்பண்ணன் எழுதியது. இங்கே சுகம்.

பங்குனி உத்திரம் போய்ச் சித்திரையும் முடியப் போகிறது. போன புதன்கிழமை நான் பொள்ளாச்சியில் பஸ் ஏறி, மாறி மாறிப் பீர்மேட்டுக்கு வந்தேன். உன்னிடம் யாரும் சொன்னார்களா தெரியவில்லை. நீ காட்டுக்குப் போயிருந்தாய். பஸ் நிற்கிற இடத்தில் சாயாக்கடைக்காரரிடம் வழி கேட்டேன். தீயைப் பற்றியும் கேட்டேன். இரண்டாம் நாளே அணைந்துவிட்டது என்றார்.

உன் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. "வாங்க, உக்காருங்க. அவுக லாரியில போயிருக்காக, மாமா காட்டுல இருக்காக" என்று பாயை விரித்துக் காப்பி கொடுத்தது. ஞானஜோதி என்று பேர் சொன்னது. நல்ல பெண்தான். ஒரு ஆண் குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. கல்யாணம் எப்போது ஆயிற்று என்று கேட்டேன். "போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில ரிஜிஸ்டர் பண்ணுனோம். மாமாவுக்கு அப்பமே தெரியும். அத்தைக்கு ஆடியிலதான் சொன்னோம்" என்றது. நான் யார் என்று அதற்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கருப்பாத்தாள் உள்ளே இருந்து வந்து என்னைப் பார்த்தவள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தெரியாமல் வைத்தாள். நீ தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாய். அந்த நிமிஷமே, "ஏ கருப்பாத்தா, சும்மா இரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயிற்று.

கொல்லங்கோட்டு வாத்தியாருக்கு வருகிற பதினாறாம் தேதி நெம்மாறையில் பெண் எடுத்துக் கல்யாணம். பத்திரிகை வந்திருக்கிறது. இனி நீ வர வேண்டியதில்லை.

குப்பண்ணன்

*

பீர்மேடு,
20-9-1974

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். மச்சான் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மகன் வேற்று மதத்தில் போய்க் கட்டிக்கொண்டான் என்று நம் வாசலில் நின்று சொல்ல எனக்கு வெட்கம், அக்கா. பொங்கல் கழியட்டும், மழை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அது துளசியின் காலம் என்று எனக்கு உறைக்கவில்லை.

கருப்பாத்தாள் என்னோடு பேசுவதில்லை.

துளசிக்கு எங்கே அமைந்தாலும் எனக்குக் கல்யாண நாளை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தாய்மாமன் சீரோடு வந்து நிற்பேன். மச்சான் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அந்த இடத்தை மட்டும் எனக்கு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

காளி

*

கொல்லங்கோடு,
9-3-1975

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் துளசிமணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாச்சிமுத்து மாமாவின் குழந்தை இப்போது நடக்கிறானா? அவன் பெயர் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி எனக்குக் கல்யாணம் நடந்தது. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள். நெல் வயலும் மாடும் இருக்கிறது. அவர் அதிகம் பேச மாட்டார், ஆனால் கெட்டவர் இல்லை. வாத்தியார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தண்ணீருக்குப் போகும்போது வாத்தியாரின் மனைவியைப் பார்ப்பேன். சிரிப்பாள், நானும் சிரிப்பேன்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா அழுதாள். கடைசியில் அந்தக் கார்டை எழுதிப் போட்டது நான்தான் மாமா.

கல்யாணத்தன்று சடங்கு நடத்திய அருமைக்காரர், "தாய்மாமன் எங்கீங்க, முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். அம்மா பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். "மலையில இருக்கறாருங்க, ஒடம்புக்கு முடியலீங்க" என்றாள் அம்மா. வண்ணாமடையிலிருந்து வந்திருந்த அம்மாவின் பெரியப்பா மகன் உங்கள் இடத்தில் வந்து நின்றார். நாலைந்து நாள் கழித்துத்தான் ராக்கப்பன் அண்ணன் சொன்னார். ஒரம்பரையை அழைத்து வர அவர் பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிருந்தாராம். நீங்கள் புது வேட்டி கட்டி, சீர்த்தட்டு மூட்டையோடு வேப்பமரத்தடியில் நின்றீர்களாம். இவர் வண்டி கட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பொள்ளாச்சி பஸ் ஏறிப் போய்விட்டீர்களாம். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் கடிதங்களை எல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். மரத்தைப் பற்றி எழுதிய இடங்கள் வரும்போது நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்ப வாசிப்பேன். மாமா அதற்குள் எனக்கு ஏதோ சொல்லியிருப்பார், எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கடைசியாக வந்த கடிதத்தில் மரமே இல்லை. அப்போதுதான் முதல் கடிதத்திலிருந்தே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அத்தை வைத்த பூ அன்றைக்கு மாடு கறப்பதற்குள் பொடியாகிவிட்டது மாமா. தும்மல் வருகிறது என்று நானே தலையைத் தட்டிவிட்டேன். ஊர்தான் அதை எடுக்க விடவில்லை. ரொம்ப நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தது. இப்போது இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார். அக்காள் போன பிறகும் மாதம் தவறாமல் வருகிறார். நான் வந்த பிறகு உள்ளே வரக் கூச்சப்பட்டு, வாசலில் நின்றபடியே பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். போன வாரம் நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டு இலை போட்டேன். சின்னவள் அவர் மடியிலேயே உட்கார்ந்து உண்டாள். பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி, "உங்களுக்கு மாமன் இருக்கறாருங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"இருக்கறாருங்க. மலையில இருக்கறாரு" என்றேன்.

"வந்து போவாருங்களா?"

நான் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

மலையில் பனி இன்னும் இருக்கும். இருமலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளசிமணி